நுரைக்கு நான் வைத்த பெயர்

செவ்வாய்க்கிழமை. இலங்கையின் தாழ்நிலப் பகுதியான கீழ்நாட்டில் ஒரு விமானத்தளம். வானம் தெளிவு. காற்று மிதம்.

முற்பகல் 10.42: பராமரிப்புக் கொட்டகையில் நிறுத்தியிருந்த சிறிய விமானத்தின் அடியில், கசிந்த எரிபொருள் தீப்பற்றியது.

10.44: முதலாவது தீயணைப்பு வண்டி கொட்டகை வாசலை அடைந்தது.

10.46: முகமூடியும் காற்றுக் கலனும் அணிந்த இருவர் குழாயுடன் உள்ளே சென்றனர்.

10.49: குழாய் இணைப்பொன்று கசிந்ததால் இரண்டாமவர் அதைச் சரிசெய்ய வாசலை நோக்கித் திரும்பினார். முதலாமவர் உள்ளே தொடர்ந்தார்.

10.50: உள்ளேயிருந்து சிங்களத்தில் ஒரு குரல் வந்தது. பம்பு இயக்குநர் அதை "நுரை இல்லை" என்று விளங்கிக்கொண்டார். நுரைத் திரவப் பீப்பாயை மாற்றுவதற்காக வால்வை மூடினார்.

10.53: வால்வு மீண்டும் திறக்கப்பட்டது.

10.58: தீ அடங்கியது.

11.04: மேற்குச் சுவரருகே முதலாமவர் கண்டெடுக்கப்பட்டார். உயிர் இல்லை. உடலில் தீக்காயம் இல்லை; காற்றுக் கலன் காலியாகியிருந்தது. அவர் கிடந்த இடத்துக்கும் பக்கக் கதவுக்கும் இடையே பதினோரு அடி.

இவை விசாரணை அறிக்கையின் வரிகள். ஆண்டையும் திகதியையும் மட்டும் நீக்கியிருக்கிறேன். முதலாமவரின் பெயர் இரகுநாதன். வயது இருபத்தாறு. என் மகன்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்த நினைவுத் தொடரைச் சென்ற வாரம் பயிற்சிப் பாடசாலையோடு நிறுத்தியிருந்தேன். பேராதனையில் இரசாயனம் படித்துவிட்டு நெருப்பணைக்கப் போனவன் என்று என்னை நானே சற்றுக் கேலியும் செய்திருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "விமானத் தீயணைப்பாளர்களுக்கான உங்கள் சங்கம், விமானமே இறங்காத கண்டியில் ஏன் தொடங்கியது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதானால் மேலேயுள்ள பதிவிலிருந்துதான் தொடங்க வேண்டும். இத்தனை காலம் தொடங்காமல் இருந்ததற்குக் காரணம் என் மனைவி கமலம். சென்ற ஆண்டு அவள் காலமானாள். அவள் இருந்தவரை இந்த வரிகளை அச்சில் அவள் கண்முன் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேட்டுக்கு வெளியே

மகனின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீடு. காலையிலிருந்தே தூறல். விறாந்தையில் முந்திய நாள் விரித்த பாய்கள் இன்னும் சுருட்டப்படவில்லை. சாம்பிராணி வாடை ஈரத்தில் கனத்துக் கிடந்தது.

கேட்டருகே யாரோ இருமினார்கள். கமலம் போனாள்.

"யாரு?"

"நான் நிஸாம்தீன், அம்மா. மடவளை. சேரப் பாக்க வந்த."

கமலத்துக்கு அந்தப் பெயர் தெரியும். அன்றைக்குப் பம்பை இயக்கியவரின் பெயர் அது. கேட்டின் கொளுக்கியில் வைத்த கையை அவள் எடுத்துவிட்டாள்.

"அங்கயே நில்லுங்க," என்றாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். சட்டைக்குள் செருகியிருந்த பழுப்பு நிறக் கடிதவுறையை அவர் வெளியே எடுத்தார். முப்பத்தைந்து வயது மனிதர். ஒரு மாதத்தில் கன்னங்கள் ஒட்டியிருந்தன.

"இத வாசிச்சுச் செல்லணும் சேர். சிங்களத்துல ஈக்கி."

எனக்குப் பின்னால் கமலத்தின் குரல் வந்தது. "மடவளையில வாசிக்கத் தெரிஞ்ச ஆளே இல்லியா?"

"ஈக்கிறாங்கம்மா. எங்கட பள்ளி லெப்பையே வாசிப்பாரு. ஊரு வாசிக்க முந்தி சேருக்குத் தெரியணும்னு நெனச்ச."

மழையில் நின்றபடியே வாசித்தேன். கடமையில் கவனக்குறைவு. அதனால் ஓர் உயிரிழப்பு. ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்பதற்குப் பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். "உயிரிழப்பு" என்ற இடத்தில் அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் குரல் மாறவில்லை. ஆண்டுக்கணக்காகப் பயிற்சி வகுப்பில் அறிக்கைகளை வாசித்துக் காட்டிய குரல் அது.

"நான் பொய் செல்லல்ல சேர். எனக்கு 'பெண நே' எண்டுதான் கேட்டிச்சி. தம்பி நுரை இல்லாம நிக்கிறாருண்டு பதறித்தான் பீப்பாவ மாத்தின."

"அவன் சொன்னது 'பேன்னே நே'," என்றேன்.

"இப்ப வெளங்குது சேர். அப்ப வெளங்கல்ல."

இரண்டு சொற்கள்

சிங்களம் அறியாத வாசகருக்குச் சொல்ல வேண்டும். பெண என்றால் நுரை. 'பெண நே' என்றால் நுரை இல்லை. 'பேன்னே நே' என்றால் கண் தெரியவில்லை. வாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டாமவர் சிங்களவர். என் மகன் கண் தெரியவில்லை என்றே கூவினான் என்று சாட்சி சொல்லியிருந்தார்.

அமைதியான அறையில் சொல்லிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சொற்கள்தான். இறப்பர் முகமூடிக்குள்ளிருந்து, பம்பின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தும்போது மிஞ்சுவது இரண்டு மூன்று ஒலிகள் மட்டுமே.

கண் தெரியவில்லை என்ற குரல் வந்தால், பம்பு இயக்குநர் குழாயை மூடக்கூடாது. வழிகாட்டும் கயிற்றோடு இன்னொருவரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும். நுரை இல்லை என்றால் வால்வை மூடிப் பீப்பாயை மாற்ற வேண்டும். நிஸாம்தீன் தாம் கேட்ட சொல்லுக்கு உரியதைப் பிசகின்றிச் செய்தார். அந்த மூன்று நிமிடங்களும் என் மகனைத் தேடி எவரும் உள்ளே போகவில்லை.

தமிழ் பேசும் இருவர் தமக்குள் ஏன் சிங்களத்தில் கூவிக்கொண்டார்கள் என்று கேட்கலாம். கட்டளை மொழி அதுதான். பயிற்சியின்போது வேறு மொழியில் கத்தினால் புள்ளி வெட்டப்படும். வெட்டிய பயிற்றுநர்களில் நானும் ஒருவன். என் மகனுக்கும் ஒருமுறை வெட்டியிருக்கிறேன்.

பெண மஹத்தயா

இங்கே சில ஆண்டுகள் பின்னே போக வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கட்டளைப் புத்தகத்தை அரசகரும மொழியான சிங்களத்தில் ஆக்கச் சொல்லித் திணைக்களத்துக்கு உத்தரவு வந்தது. குழு ஒன்று நியமித்தார்கள். காகிதத்தில் ஐந்து பேர். வேலை செய்தவன் நான். வத்தேகமையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காகப் பல வருடம் அலைந்து உத்தியோகத்துக்கு வந்தவன். என்னுடைய சிங்களம் எவருடைய சிங்களத்துக்கும் குறைந்ததல்ல என்று காட்டுவதில் எனக்கு ஓர் இரகசிய வேகம் இருந்தது. அகராதிகளை அடுக்கிவைத்துக்கொண்டு, ஆங்கிலம் ஒட்டிய சொல் ஒன்றுகூட இல்லாத புத்தகத்தை எழுதினேன்.

ஊழியர்கள் எல்லோரும், எந்த மொழிக்காரராயினும், நுரையை 'ஃபோம்' என்றே சொல்லிவந்தார்கள். நான் அதை அடித்துவிட்டு 'பெண' என்று எழுதினேன். நிலைய அதிகாரி பண்டார, கண்டிச் சிங்களவர், என்னோடு ஒரே நாளில் சேவையில் சேர்ந்தவர், கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஃபோம் என்று சொன்னால் மாட்டுக்கும் விளங்குமே, மச்சான். பெண என்றால் என் பெண்சாதி சவர்க்காரத்தைத் தேடுவாளே!"

"மாட்டுக்காக நான் புத்தகம் எழுதவில்லை," என்றேன்.

உணவுக்கூடத்தில் எனக்குப் 'பெண மஹத்தயா' என்று பெயர் விழுந்தது. நுரை ஐயா. தமிழ்ப் பகுதியையும் நான்தான் எழுதினேன்; அதில் குழாயின் வாய்க்குத் 'தாரைமுனை' என்று ஒரு சொல் செய்திருந்தேன். வடக்கு விமானத்தளத்திலிருந்து பயிற்சிக்கு வந்த சிவபாதம் வகுப்பில் எழுந்து, "அண்ணை, ஒரு சந்தேகம். நெருப்பு எரியேக்கை தாரைமுனையைத் தேடுறதோ, நிகண்டைத் தேடுறதோ?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தாரைமுனையை யாரும் பயன்படுத்தவில்லை. அதனால் தீங்கும் இல்லை. பெண நிலைத்துவிட்டது.

புத்தகத்தில் என் பெயர் இல்லை. 'குழு' என்று மட்டுமே இருந்தது. ஆனால் சேவையிலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கமலத்துக்குத் தெரியாது.

கேட்டருகே மழையில் நின்ற நிஸாம்தீனுக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

பேக்கரிக்கு மேல்மாடி

அவருக்கு விளக்கக் கடிதம் எழுத நான் உதவினேன். "இந்தச் சொல்லைப் புத்தகத்தில் சேர்த்தவர் இன்னார் என்று எழுதுங்கள். அதுதான் உங்கள் எதிர்வாதம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "மகனப் பறிகொடுத்த மனுஷர்ட தலையில நான் அத வெக்கிறல்ல சேர். தொழில் போனாப் போகட்டும்."

கடிதம் அந்த வரி இல்லாமலே போனது. எதிர்பார்த்தபடி பணிநீக்க உத்தரவு வந்தது. மேன்முறையீடு செய்ய இடமிருந்தது. தொழிற்சங்கங்களிடம் போனோம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கட்சி. ஒன்று அவரை உறுப்பினரல்ல என்றது, மற்றொன்று தேர்தல் முடியட்டும் என்றது. முகமூடியில் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேட்க ஆள் எங்குமில்லை.

அப்போதுதான் பண்டார சொன்னார், நாமே கூடுவோம் என்று. வடக்கிலிருந்து வருபவர் பொல்கஹவலையில் இறங்கி ரயில் மாறலாம். கீழ்நாட்டவர் பஸ்ஸில் வரலாம். மேலதிகாரி எவரும் தற்செயலாக எட்டிப்பார்க்க மாட்டார். கண்டியைத் தேர்ந்ததற்கான காரணம் இவ்வளவே. வாசகரின் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்.

சந்தைக்கு அருகே ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கூடினோம். கீழேயிருந்து கிம்புலா பனிஸ் என்னும் இனிப்பு ரொட்டியின் சீனி கருகும் மணம் படியேறி வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் பதினொரு பேர். கதிரைகள் ஏழு. நிஸாம்தீன் கடைசிவரை உட்காரவில்லை.

சங்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தது. சிவபாதம் வழக்கமான தோரணையில் தொடங்கினார். "என்ன வேணுமெண்டாலும் வையுங்கோ. ஆனா பேர் வைக்கிற வேலையை மட்டும் அண்ணையிட்டை..."

நிறுத்திவிட்டார். கீழே தட்டு ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. பண்டார அவசரமாக, பெயர் நீளமாக இருந்தால் ரப்பர் முத்திரை செய்கிறவன் திட்டுவான் என்று ஏதோ சொன்னார். சிவபாதத்தின் முகம் சுண்டிவிட்டது.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. வாய் தவறிப்போச்சு."

"வாய் தவறவில்லை," என்றேன். "தொடர்ந்து சொல்லுங்கள்."

அவர் பண்டாரவின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதனால் நானே சொன்னேன். மேன்முறையீட்டில் நான் சாட்சி சொல்வேன். அந்தச் சொல் என்னுடையது என்று சொல்வேன். ஆனால் நான் சொல்வதால் மட்டும் அது பிழையான சொல் என்று ஆகிவிடாது. அதைப் புகையில் வைத்து நிரூபிக்க வேண்டும். இதுவே சங்கத்தின் முதல் வேலை.

நிஸாம்தீன் சுவரைப் பார்த்தபடி நின்றார். பண்டார சிங்களத்தில், "அப்படியானால் வீட்டில் முதலில் சொல்," என்றார்.

கமலம் கேட்டது

அன்று மாலையே சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அந்தச் சொல்ல நீங்கதான் வச்சீங்களா?"

"ஆமாம்."

"ரகுவுக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னைக் கேலி செய்திருக்கிறான்."

கீரைத் தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"சொல்லு ஒங்களோடது. சரி. ஆனா அந்த ஆளு காதுல விழுந்தது பொய்யில்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பெரிய மனசு பண்றீங்கன்னு நான் நம்பணுமா? எனக்கு அது வேணாங்க. நான் வந்து கேக்கணும். என் காதால கேக்கணும்."

அதற்குப் பிறகு பதினைந்து நாட்கள் அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

புகைக்கூடு

வத்தேகமைக்குப் போகும் வழியில், ஒரு சிறு இறப்பர் தோட்டத்தில் பாவனையற்ற புகைக்கூடு ஒன்று இருந்தது. இறப்பர்த் தாள்களைத் தொங்கவிட்டுப் புகையூட்டும் சன்னலில்லாத கட்டடம். அதன் உரிமையாளர் அலவத்துகொடை வியாபாரி. காரணம் கேட்டார், சொன்னேன், சாவியைக் கையில் தந்தார்.

முறை எளிமையானது. ஈர விறகில் புகை மூட்டுவோம். முகமூடி அணிந்த ஒருவர் அட்டைகளோடு உள்ளே போவார். பதினோரு அடி தள்ளி, பம்பு ஒன்றை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் மூவர் நிற்பார்கள்: தாய்மொழி சிங்களமான ஒருவர், தமிழரில் ஒருவர், முஸ்லிம் ஒருவர். உள்ளே இருப்பவர் அட்டையிலுள்ள சொல்லைக் கத்துவார். வெளியே நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல், கேட்டதை எழுத வேண்டும்.

அந்தப் பதினோரு அடியைத் தேர்ந்தவன் நான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு பம்பு பழுதானது. இரண்டாம் ஞாயிறு, புகையைக் கண்ட தோட்டத்துச் சனங்கள் வாளிகளோடு ஓடி வந்துவிட்டார்கள். ஒரு கிழவர் எங்கள் சீருடையைப் பார்த்துவிட்டு, "நெருப்பு அணைக்கிற ஆளுங்களே நெருப்பு வைக்கிறீங்களே, சாமி, ஒங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார். சிவபாதம் அவரையும் ஒரு பெட்டியில் உட்காரவைத்து, காதைத் தீட்டிக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு கமலம் வந்தாள். எல்லோருக்குமாக மரக்கறிச் சோறு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். நிஸாம்தீனுக்குச் சேராத எதுவும் அதில் இல்லை. ஆனால் அவரோடு பேசவில்லை.

அன்று பண்டார முதலில் எழுதினார். அட்டையில் இருந்தது 'பேன்னே நே'. அவர் காகிதத்தில் எழுதியிருந்தது 'பெண நே'. தன் கையெழுத்தையே நம்பாதவர்போல் பார்த்தார்.

"பிறந்ததிலிருந்து பேசும் மொழி," என்றார். "என் அம்மா இருந்தால் செருப்பால் அடிப்பாள்."

"அடுத்த ஆள் ஆர்? இந்தாங்கோ, கேட்டு எழுதுங்கோ," என்று கமலத்துக்கு முன் காகிதத்தை நீட்டிய சிவபாதம், நீட்டியபிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று உணர்ந்து கையை இழுத்தார். அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். "பென்சிலக் கொடுங்க தம்பி," என்றாள்.

கமலத்தின் சிங்களம் சந்தையில் கற்றது, ஆனால் திருத்தமானது. அவள் பம்பின் அருகே போய் நின்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே இருந்தவர் கீழ்நாட்டு இளைஞர் ஒருவர்; வெளியே யார் நிற்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

கூவினார். ஒரே தரம்.

அவள் உடனே எழுதவில்லை. புகை வந்த துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எழுதினாள். காகிதத்தை என்னிடம் தரவில்லை. பம்பின் மறுபக்கம் நின்ற நிஸாம்தீனிடம் போய் நீட்டினாள். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள்: பெண நே.

அட்டையை எடுத்துவரச் சொன்னோம். 'பேன்னே நே' என்றிருந்தது.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு," என்றாள் அவரிடம். அவர் ஏதோ சொல்ல முயன்றார். அவள் கையால் தடுத்தாள். "சாப்பிடுங்க. ஆறிப்போகுது."

அதன் பிறகு பல ஞாயிறுகள் அங்கே கழிந்தன. நுரைக்கு மீண்டும் ஃபோம் என்ற சொல் வந்தது. கண் தெரியவில்லை என்பதற்குச் சொல்லே வேண்டாம் என்று முடிவாயிற்று. இடுப்பில் கட்டிய கயிற்றை மூன்று தரம் இழுத்தால் போதும். கயிறு மூன்று மொழியிலும் ஒரேமாதிரி இழுபடும் என்றார் நிஸாம்தீன். அன்று எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். மகனின் மரணத்துக்குப் பிறகு நான் சிரித்தது அதுவே முதல் தடவை, உடனே நிறுத்திக்கொண்டேன்.

சாட்சி

மேன்முறையீட்டை விசாரிக்க நியமிக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற நீதவான். கண்டியில் வசித்ததால் விசாரணையையும் கண்டியிலேயே வைத்துக்கொண்டார். அரச கட்டடமொன்றின் மேல்மாடி அறை. மின்விசிறி ஓடும்போது காகிதங்களைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

திணைக்களத்தின் சார்பில் வந்தவர் கண்ணியமான மனிதர். எனக்கு அனுதாபம் தெரிவித்துவிட்டே ஆரம்பித்தார்.

"இறந்தவர் உங்கள் மகன். துயரத்தில் இருக்கும் தந்தை, எவர்மீதும் பழி விழக்கூடாதென்று நினைப்பது இயல்பு. அப்படித்தானே?"

"இல்லை. பழி விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டும் என்று நினைக்கிறேன்."

"எங்கே?"

"கட்டளைப் புத்தகத்தில் நுரைக்குரிய சொல்லைத் தேர்ந்தவன் நான். பழைய சொல் போதும் என்று நிலைய அதிகாரி ஒருவர் எச்சரித்தார். நான் ஏற்கவில்லை."

நீதவான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அந்தச் சொல்லைப் பயன்பாட்டுக்கு விடுமுன் சோதித்தீர்களா?"

"சோதித்தேன்."

"எப்படி?"

"அகராதியில்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு புகைக்கூட்டுக் காகிதங்களைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் எழுத்து வேறுமாதிரி இருப்பதைக் கவனித்து, "இது யார் எழுதியது? ஊழியரா?" என்று கேட்டார்.

"இறந்தவரின் தாய்," என்றேன்.

அதற்குமேல் அவர் என்னிடம் கேள்வி கேட்கவில்லை.

வெளியே மர வாங்கில் கமலம் உட்கார்ந்திருந்தாள். நிஸாம்தீன் என் முன்னால் வந்து நின்று, "ஒங்கட பேர நீங்களே வெட்டிக்கிட்டீங்களே சேர்," என்றார். கமலம் எழுந்தாள். "நிஸாம்தீன், வாங்க போவோம். நின்னுகிட்டே இருந்தா பஸ் போயிரும்," என்றாள். சந்தைவரை மூவரும் நடந்தோம். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இறங்கும்வரை அவர்கள் இருவரும் அவருடைய மூத்த மகளின் இருமலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பின்னர்

நிஸாம்தீன்மீதான குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. வேறொரு தளத்துக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கே பணிசெய்தார். என்னை உரிய வயதுக்கு முன்பே ஓய்வில் அனுப்பினார்கள். கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு சுற்றுநிருபம் வந்தது: நுரைக்கு இனி இந்தச் சொல், கண் தெரியாவிட்டால் இந்தச் சைகை. காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. அதை வாசித்த சிவபாதம், "காரணத்தை எழுதினா கடுதாசி எரிஞ்சு போயிடுமோ?" என்று கேட்டு எழுதினார்.

சங்கம் நிற்கவில்லை. குரல் கேட்கும் முகமூடிகள் வரும்வரை மனு எழுதினோம். பத்து மனுக்களுக்குப் பதில் இல்லை, பதினோராவதை நேரில் கொண்டுபோனோம். எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரைத் தனியே உள்ளே விட்டு மற்றவர் திரும்பக்கூடாது என்ற விதி எங்கள் மேசையிலிருந்தே திணைக்களத்துக்குப் போனது. இணைப்பு கசிந்தால் இருவரும் வெளியே வர வேண்டும். புதிய சொல் எதுவாயினும் புகைக்கூட்டுக்குப் போய்வந்த பிறகே புத்தகத்துக்குப் போகும் என்பது எங்கள் சங்க யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், இரண்டாவது சரத்து. மொழியறிஞர்கள் இருவர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அவர்களையும் புகைக்கூட்டுக்கு அழைத்தோம்; ஒருவர் வந்தார், இருமிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இப்போது நான் எந்தப் பதவியிலும் இல்லை. வயதின் காரணமாகக் கணக்கெடுத்துப் பார்க்கிறேன். முடிக்காதவை இவை:

ஒன்று. சிங்களச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் புகையில் சோதிக்கப்பட்டுவிட்டன. வெளிநாட்டு விமானப் பணியாளரோடு பேசும் ஆங்கிலச் சொற்கள் இன்னும் இல்லை.

இரண்டு. இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குக் கயிறு எந்தப் பக்கம் கட்டப்பட வேண்டும் என்று புத்தகம் சொல்லவில்லை.

மூன்று. ஒப்பந்த ஊழியர்கள் நம் உறுப்பினராகும் திருத்தம் மூன்று தடவை முன்மொழியப்பட்டு மூன்று தடவையும் பிற்போடப்பட்டிருக்கிறது. அவர்களும் அதே புகைக்குள்தான் போகிறார்கள்.

நான்கு. அன்று என் மகனின் குரலை வாசலருகே கேட்ட இருவரில், குழாயைச் சரிசெய்யத் திரும்பியவர் காலமாகிவிட்டார். மற்றவர் நிஸாம்தீன், மடவளையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். என் மகன் கூவிய சொல்லைப் பற்றி அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். குரல் எப்படி இருந்தது என்று இன்னும் கேட்கவில்லை.